நாலு டிஸ்க்கும் ஒரு விரல் குங்குமமும்

போன வாரம் போன் சார்ஜர் மாற்ற நம் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், படம், பாட்டு எல்லாம் சேர்த்து வைக்கிற பழைய நாஸ் பெட்டி ஒன்றிலிருந்து நாலு டிஸ்க்கையும் கழற்றி மேசையில் போட்டு, அவற்றின் முதுகில் இருந்த சிவப்புப் பொட்டுகளை தின்னர் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க்குக்கு யாருப்பா பொட்டு வச்சது? வளைகாப்பு நடத்துனீங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இரண்டு டிஸ்க்கைத் துடைத்து முடித்திருந்தார். அதற்குள் டீ வந்துவிட்டதால் துணியை வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பொட்டுகளை வைத்தவள் நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோணாங்குப்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போதுதான் மனசு உறுத்தியது. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு இது முதல் தடவை இல்லை.

அதனால் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலை நேரம் ஆகும். பிழைகளை மட்டும் என் மருமகள் திருத்தினாள். சொன்னதெல்லாம் நான் சொன்னது. உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடையில் பதினெட்டு வருஷம் என் கை படாத டிஸ்க் ஒன்று கிடையாது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கடைக்கு வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காந்தி வீதிப் பிளாட்பாரத்தில் கோணி விரித்து உட்கார்ந்திருந்தேன். பழைய ஒயர், ரிமோட், ரேடியோ, சார்ஜர், எது கிடைத்தாலும் விற்பேன். என் அம்மா மீன் விற்றவள். செவுளைத் தூக்கிப் பார்த்து இது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவாள். எனக்கு அந்தப் பழக்கம் சாமான்களில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் முதலாளி என் கோணி முன்னால் குந்தி, கலந்து கிடந்த டிஸ்க்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து மணிக்கட்டை லேசாகத் திருப்பி, "இது வேணாம் சார், உள்ள ஒடஞ்சிருக்குது" என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

"கலகலங்குது. நல்ல டிஸ்க்கு பேசாது."

பத்து டிஸ்க் பொறுக்கிக் கொடுத்தேன். ஒன்பது ஓடியதாம். மறு வாரம் வந்து, பெருக்கித் துடைக்கவும் சாமான் பிரிக்கவும் ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், "என்னை யாரும் ஆயான்னு கூப்புடக் கூடாது. அஞ்சலை அக்கா." கடைசி நாள் வரைக்கும் அக்காதான்.

அப்போது கடையில் ஒரு மெக்கானிக் இருந்தார். காலாப்பட்டுக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர்தான் எனக்கு டிஸ்க்கை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று காட்டினார். சேர்ந்த வருஷம் ஒரு காரியம் செய்தேன். லாஸ்பேட்டையில் படிக்கும் பெண் ஒருத்தி தன் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மேசை துடைக்கும்போது திரையில் ஏதோ கேள்வி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பொத்தான். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நிற்கிறதே என்று பெரிய பொத்தானாகப் பார்த்து அழுத்திவிட்டேன். அந்தப் பெண் ஆறு மாதமாக எழுதி வைத்திருந்த பாடம் போய்விட்டது.

மெக்கானிக் வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "அக்கா, பெட்டி கேள்வி கேட்டா அதுக்கு ஒண்ணும் அவசரம் கெடையாது. மூணு நாள் கழிச்சிப் பதில் சொன்னாலும் அப்பிடியேதான் நிக்கும். அவசரமெல்லாம் நமக்குத்தான்," என்றார். பிறகு முதலாளியிடம் போய், தவறு தன்னுடையது என்று சொல்லி, அந்தப் பெண்ணின் வாயாலும் முதலாளி வாயாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் தண்ணீர் பிடிக்கிற மாதிரிப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவர் செய்த காரியத்தைப் பிடித்துக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. அதற்குள் அவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடைசி நாள் அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் போனேன். திரும்பி வந்து அப்போதாவது முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அவருக்கு அடுத்து வந்தவன்தான் வேலு. இன்றைக்கு உங்களுக்கெல்லாம் மேலே இருக்கிறார், வேலு சார் என்கிறீர்கள். எனக்கு அவன் வேலுதான். அப்போது முப்பது வயது, வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கை சுத்தம்.

அந்தக் காலத்தில் நம் கடைக்கு ஒரு பழைய நாஸ் பெட்டி வந்தது. ஒரு குட்டி அலமாரி மாதிரி இருக்கும். நாலு டிராயர், டிராயருக்கு ஒரு டிஸ்க். வீட்டு ஒயரில் கோர்த்துவிட்டால் டிவியிலும் போனிலும் படம், பாட்டு எல்லாம் அதிலிருந்து வரும். யாரோ ஊரைக் காலி பண்ணிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர்கள் விற்றது. டிராயரில் ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கர் எல்லாம் உரிந்து போயிருந்தது. அதைத் துடைத்து, சரிபார்த்து, முசேவுக்கு விற்றோம்.

முசே பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை முசே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும்தான் தெருவே கூப்பிடும். ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் வீதிக்கு உள்ளே, உயரமான ஜன்னல் வைத்த வீடு. மதாமுக்கு மறதி நோய் வந்திருந்தது. காலையில் ஓரளவு இருப்பார். வெயில் இறங்கினால் ஆள் மாறிவிடுவார். இது யார் வீடு, நான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முசே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வீட்டிலிருந்த ஆல்பம் எல்லாவற்றையும் இரண்டு வருஷமாக உட்கார்ந்து ஸ்கேன் பண்ணி, அந்தப் பெட்டியில் ஏற்றி, சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஓடவிடுவார். படம் வந்ததும் மதாம் உட்கார்ந்துவிடுவார். இவர் எங்கள் பெரியப்பா, இது எங்கள் சேசம்மாள் அக்கா, இது நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட சட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். ஆல்பங்கள் மழை ஈரத்தில் ஒட்டிப்போய்க் கிடந்தவை. ஸ்கேன் பண்ணி முடித்ததும் தூக்கிப் போட்டுவிட்டார். பெட்டியில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

பெட்டியில் விசிறி சத்தம் போடுகிறது என்று ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்குக் கொண்டுவந்தார். வேலு அன்றைக்கே விசிறியை மாற்றி அலமாரியில் வைத்துவிட்டான்.

ஆயுத பூஜைக்குச் சாமான் துடைத்துப் பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. முதலாளி உட்பட யாரும் குறுக்கே வர மாட்டார்கள். ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் ராடு, தராசு, விற்பனைக்கு இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் துடைப்பேன். கடலோர ஊர், உப்புக் காத்து, எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பிசுபிசுப்பு. முசே பெட்டியின் டிராயரிலும் அழுக்கு இருந்தது. கண்ணில் பட்ட அழுக்கை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு டிஸ்க்காக இழுத்தேன். துடைத்து, வாழை இலையில் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தேன். டிராயர்களை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணினேன். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து நாலு டிஸ்க்கின் தகர முதுகிலும் பொட்டு வைத்தேன். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது அல்லவா.

மறுநாள் விஜயதசமி. கடை திறந்தபோது பொரிக்கு எறும்பு வந்து, யாரோ இலையை இழுத்து, சாமான் எல்லாம் ஒரு ஓரமாகக் குவிந்திருந்தது. நான் நாலு டிஸ்க்கையும் கைக்கு வந்தபடி எடுத்து நாலு டிராயரில் சொருகினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. பெட்டி புதுசு போல இருந்தது. மத்தியானம் முசே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் போன் வந்தது. "பெட்டி, டிஸ்க்கே இல்லங்குது."

முதலாளி வேலுவை அனுப்பினார். என்னையும் கூடப் போகச் சொன்னார். தெரியாத ஆண்பிள்ளை வீட்டுக்குள் வந்தால் மதாம் பயந்துபோவார், நான் இருந்தால் கொஞ்சம் அடங்குவார் என்பதால். அங்கே போனபோது மதாம் டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி கறுப்பாக இருந்தது.

"போட்டோ போடலியா?" என்று கேட்டார்.

"இதோ ஆயிடுச்சிம்மா, வந்துட்டாங்க," என்றார் முசே.

"யாரு வந்துட்டாங்க? எங்க வீட்டுலேருந்தா?"

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வேலு லேப்டாப்பைத் திறந்து பெட்டியோடு கோர்த்தான். திரையில் வந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னான். "டிஸ்க்கு தயார் பண்ணலியாம். இப்ப தயார் பண்ணட்டுமா, பண்ணா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், சரியான்னு கேக்குது."

"அழிஞ்சிடுமா?" என்றார் முசே.

"பழைய டிஸ்க்கு முசே. ஒண்ணு ரெண்டு படுத்துடுச்சி போல. தயார் பண்ணிட்டு, அப்பறமா அழிஞ்சதத் தோண்டி எடுக்கிற சாப்ட்வேர் போட்டு எடுத்துடலாம். எவ்ளோ வருதோ பாக்கலாம்."

அதற்குள் மதாம் எழுந்து வாசல் கதவுக்குப் போய்விட்டார். முசே பின்னாலேயே ஓடினார். கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நிற்கிறார்கள். முசே அங்கிருந்தே, "பண்ணுப்பா, எதுனா பண்ணு," என்றார். பள்ளிக்கூடம் முழுக்க அடக்கி ஆண்ட குரல், அன்றைக்கு உடைந்து வந்தது.

வேலுவின் விரல் பொத்தான் மேலே இருந்தது. டிஸ்க் பழுது இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் நாலையும் கையில் ஏந்தினேன், நாலும் பேசாமல் இருந்தன. நான் கழற்றினேன், நான் மாட்டினேன், அதில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் வாயில் அது வரவில்லை. வந்தது வேறு.

"தம்பி, பெட்டிக்கு அவசரம் கெடையாது. கேட்டது கேட்டபடி நிக்கட்டும். கரண்ட்ட நிறுத்து, கடைக்குத் தூக்கிட்டுப் போயி காலையில பாக்கலாம்."

வேலு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, உனக்கு என்னா தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரியாது. அதான் சொல்றேன்."

அவன் விரலை எடுத்தான். இதில் பாதிதான் என் சாமர்த்தியம். பாதி என் கோழைத்தனம். பதினாறு வருஷமாக ஒரு சாமானை உடைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஒரு ராத்திரி அவகாசம் வாங்கிக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே வரும்போது மதாம் இன்னும் கதவருகேதான் நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் வேலு நாலு டிஸ்க்கையும் வெளியே எடுத்துத் தனித்தனியாகச் சோதித்தான். நாலும் நன்றாக இருந்தன. முதலாளி அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க்கு நல்லா இருந்தா ஏன் இல்லங்குது?"

"இது பழைய மாடல் மொதலாளி. வரிச மாறியிருந்தா இப்பிடித்தான் சொல்லும்."

எனக்குப் புரிகிற மாதிரி பிறகு அவனே சொன்னான். ஒரு படத்தை நாலாகக் கிழித்து, நாலு டிராயரில் துண்டு துண்டாகப் போட்டு வைக்கிற பெட்டி அது. இரண்டாம் டிராயரை நாலாவது இடத்தில் வைத்தால் அதற்கு ஒன்றும் பொருந்தாது. இப்போது வருகிற பெட்டிகள் எங்கே சொருகினாலும் தன் டிஸ்க்கைத் தானே கண்டுகொள்ளும். இது கண்டுகொள்ளாது.

"வரிசை எப்படி மாறும்? நீ கழட்டுனியா?" என்றார் முதலாளி.

"நான் பேன் மட்டுந்தான் மாத்துனேன். டிஸ்க்கத் தொடவே இல்ல."

"தொடாம எப்பிடி மாறும்? அதுவா எழுந்து எடம் மாறி உக்காந்துச்சா?"

"சத்தியமா தொடல மொதலாளி."

முதலாளி கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் கோபப்பட்டால் கடையே அடங்கிவிடும். அந்த மனுஷன் வீட்டில் நேற்று ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று தெரியுமா, செய்ததைச் செய்தேன் என்று சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டுவிட்டு முன்பக்கம் போய்விட்டார். மத்தியானம் வேலு டிபன் டப்பாவைத் திறந்தான், பார்த்தான், மூடினான்.

நான் பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். குடத்தை வைத்துக் குழாயைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே குழாய். இதே மாதிரி ஒரு நாள், உள்ளே ஒருவர் எனக்காகப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்க, நான் இங்கேதான் வந்து நின்றேன். அவராவது தெரிந்து, தானாக முன்வந்து வாங்கிக்கொண்டார். வேலுவுக்கு எதற்காக வாங்குகிறோம் என்றே தெரியாது.

குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, டிஸ்க்கக் கழட்டுனது நான். பூஜைக்கித் தொடச்சேன். மறுநாளு கைக்கி வந்தபடி சொருவிட்டேன். வேலு மேல ஒண்ணும் இல்ல."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எந்த வரிசையில எடுத்த?"

"எடுக்கிறப்ப வரிசையாத்தான் எடுத்தேன். எது எதுன்னு இப்பத் தெரியல."

வேலு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "அக்கா, நேத்தே சொல்லியிருந்தா நான் ராத்திரி தூங்கியிருப்பேன்," என்றான். அவ்வளவுதான். அதற்கு அவன் திட்டியே இருக்கலாம்.

எல்லா விதமாகவும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க முடியாதா என்று முதலாளி கேட்டார். வேலு தலையை ஆட்டினான். தப்பான வரிசையில் ஏற்றினால், அந்த ரகப் பெட்டி சில நேரம் கேள்விகூடக் கேட்காது. தானே சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். அப்புறம் சரியான வரிசை தெரிந்தும் பயன் இல்லை. நேற்று தப்பியதே அதிர்ஷ்டம். ஒரு தடவைதான் ஏற்ற வேண்டும், அது சரியாக இருக்க வேண்டும்.

"சென்னைக்கி அனுப்பிடலாம். அங்க இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. மூணு நாலு வாரம் ஆவும்," என்றான் வேலு. அனுப்புவதற்குச் சுத்தம் பண்ண வேண்டும் என்று ஸ்பிரிட் துணியை எடுத்து ஒரு டிஸ்க்கைத் துடைத்தான். குங்குமம் துணியில் வந்தது. அடுத்ததை எடுத்தான்.

"தொடைக்காத," என்றேன். "வச்சிடு. கீழ வச்சிடு."

அவன் வைத்தான். மீதி மூன்று டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பொட்டு கொழுகொழு என்று, விளிம்பு வழிந்து இருந்தது. இன்னொன்றில் அளவாக இருந்தது. மூன்றாவதில் நிறமே இல்லை, என் விரல் ரேகை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

நான் பொட்டு வைக்கிற விதம் அது. ஒரு சாமானுக்கு ஒரு தடவைதான் குங்குமத்தைத் தொடுவேன். கதவு என்றால் ஒரு தடவை தொட்டு முழுக் கதவுக்கும். நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டி, ஒரே சாமான். ஒரு தடவை தொட்டு, இடமிருந்து வலமாக நாலும். முதலாவதில் குங்குமம் நிறைய இருக்கும். போகப் போக விரல் காய்ந்துவிடும்.

"வழிஞ்சி நிக்குதே, அது மொதல் டிராயர். ரேகை மட்டும் கீதே, அது நாலாவது," என்றேன்.

"நடுவுல இருக்கிறது ரெண்டா மூணா?" என்றார் முதலாளி.

அதுதான் கேள்வி. வேலு துடைத்துவிட்டது இரண்டா, மூன்றா. அவன் தன் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு என்று தோன்றியது. சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் தோன்றுவது எல்லாம் தெரிவது ஆகாது. பெட்டிக்கு அவசரம் கிடையாது.

"வேலு, செத்த டிஸ்க்கு நாலு எடுத்தா, இதே சைசு," என்றேன்.

சாமி அலமாரியில் பூஜைக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. அதிலேயே அதே அளவு தண்ணீர் விட்டு, அதே பதத்துக்குக் குழைத்தேன். வாழை இலைக்குப் பதில் பேப்பர் விரித்து நாலு செத்த டிஸ்க்கை வரிசையாக வைத்தேன். ஒரு தடவை தொட்டு நாலு பொட்டு வைத்தேன். யோசித்து வைக்கக் கூடாது, கை எப்போதும் போகிற மாதிரி போக வேண்டும். அதற்காக முதலாளியைப் பேச்சுக் கொடுக்கச் சொன்னேன்.

"என்னா பேசறது?" என்றார்.

"எதுனா பேசுங்க. பூஜையன்னைக்கி சுண்டல்ல உப்பு இல்லன்னீங்களே, அத்தச் சொல்லுங்க."

"உப்பு இல்லதான். நீதான் செஞ்ச."

"நான் செய்யல, உங்க வீட்டுலேருந்து வந்தது அது."

வேலு அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவை சிரித்தான். இப்படி மூன்று தடவை வைத்தேன், துடைத்தேன், வைத்தேன். காயவிட்டுப் பார்த்தோம். மூன்று தடவையும் இரண்டாவது பொட்டு, முதலாவது அளவுக்கு இல்லாவிட்டாலும், விளிம்பில் ஒரு கோடு கட்டி நின்றது. மூன்றாவது பொட்டுக்குக் கோடு இல்லை, மெத்தென்று பரவியிருந்தது. முசே டிஸ்க்கில் நடுவாக இருந்த பொட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை.

"இது மூணு. நீ தொடச்சது ரெண்டு," என்றேன். நான் முதலில் நினைத்ததற்கு நேர் எதிர்.

வேலு அந்த வரிசையில் சொருகினான். முதலாளி சாமி படத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். விசிறி ஓடியது. ஒரு விளக்கு பச்சையானது. இரண்டு. மூன்றாவது ரொம்ப நேரம் மஞ்சளாகவே கண்ணடித்தது. அந்த நேரத்தில் நான் எத்தனை வருஷம் கிழவியானேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு அதுவும் பச்சை, நாலாவதும் பச்சை. வேலு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் சர்ச் படிக்கட்டில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

வேலு முதல் காரியமாக எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்தான். அன்றைக்கே ஆறு மணிக்கு முன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு போனோம். நான் வாசலிலேயே முசேவிடம் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்று. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் மறுபடி வாய் வராது என்று எனக்குத் தெரியும்.

முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எங்க கிளாசுல தப்புப் பண்ண பையன் தானா வந்து சொன்னா பாதி தண்டனதான் குடுப்பேன் அஞ்சலை. ஆனா அந்தப் பாதிய விட மாட்டேன்."

"குடுங்க முசே."

"உள்ள வந்து உக்காரு. ஒரு படம் விடாம முழுசும் பாரு. அவ சொல்றதெல்லாம் கேளு. பெட்டி இல்லாம நான் நாலு நாளா தூங்கல, கொஞ்சம் படுத்துக்கறேன்."

உட்கார்ந்தேன். மதாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியப்பா, சேசம்மாள் அக்கா, பள்ளிக்கூடத்துச் சட்டை, கடற்கரையில் பழைய பாலம், அதன்மேல் தொப்பி வைத்த ஒரு வாலிபன். அந்தப் படத்தில் நிறுத்தச் சொன்னார். "இவுருதான் முசே. இன்னும் ஆறு மாசத்துல எங்களுக்குக் கல்யாணம். நீ வந்துடணும்," என்றார். வருகிறேன் என்றேன். பக்கத்து அறையில் அந்த வாலிபன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவரும் இப்போது இல்லை. அந்தப் பெட்டியை அவர்கள் பிள்ளைகள் பிரான்சுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்த பழைய ரகப் பெட்டி ஒவ்வொன்றுக்கும், ஒரு டிஸ்க்கை வெளியே இழுத்ததும், அடுத்ததைத் தொடும் முன்னாலேயே பொட்டு வைத்துவிடுவேன். முதல் டிராயருக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, அப்படி நாலு வரைக்கும். குங்குமம் துணியில் வந்துவிடுகிறது என்று நெயில் பாலிஷ். எனக்கு இங்கிலீஷ் நம்பர் எழுதுவதைவிட அது சுலபம். ஓய்வு பெறும் வரை, பின்னால் வந்தவர்கள் யாருக்கும் அதை விளக்கிச் சொல்லவில்லை. பெரிய மனுஷியின் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். விளக்கிச் சொல்லாதது என் தப்பு.

இப்போது, போன வாரம் துடைத்தவருக்கு. உங்கள் மேசையில் இருப்பதும் அதே பழைய ரகப் பெட்டிதான், பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். இரண்டு டிஸ்க்கில் பொட்டு போய்விட்டது. எது எந்த டிராயர் என்று நீங்கள் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். பயப்படாதீர்கள், முசேவின் படங்கள் ஒரே இடத்தில் இருந்ததுதான் அன்றைக்கு எங்களைக் கொன்றது, அதனால் நான் எந்தக் குறியையும் ஒரே இடத்தில் வைத்ததில்லை. டிஸ்க்கைத் திருப்பினால், டிராயரை ஒட்டிய பக்கத்தில் அதே பொட்டு இன்னொரு தடவை இருக்கும்.

ஆனால் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால் எழுந்து போய் வேலுவிடம் சொல்லிவிடுங்கள். அவன் திட்ட மாட்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியும்.